டிரைவர் போட்டதும் திரை இருண்டால்

கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். லோகோ வருகிறது, போகிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மின்விசிறி சுற்றுகிறது, மானிட்டரின் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. இந்த நிலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அங்கே பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: ஃபார்மேட். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் படம் வந்துவிடும் என்பது உண்மை. கூடவே குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், பாதி எழுதிய ஆய்வேடும், மூன்று வருடக் கணக்கு வழக்கும் போய்விடும் என்பதும் உண்மை.

ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். இப்படித் தேவையே இல்லாமல் அழிக்கப்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். டிரைவர் போட்ட பிறகு வரும் கருப்புத் திரைக்குப் பின்னால் கணினி அநேகமாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கோப்புகள் போட்ட இடத்தில் அப்படியே இருக்கும். படம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடித்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, ஆன் செய்தவுடன் மதர்போர்டு நிறுவனத்தின் லோகோ தெரிகிறதா என்பதைத்தான். லோகோ தெரிந்தால் மானிட்டர், கேபிள், கார்டு மூன்றும் அடிப்படையில் வேலை செய்கின்றன என்று பொருள். ஏனென்றால் அந்த நேரத்தில் விண்டோஸோ லினக்ஸோ எழுந்திருக்கவே இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளேயே ஒரு சிறு ஃபர்ம்வேர், அதாவது சிப்பிலேயே பதிந்த மென்பொருள் உண்டு. மதர்போர்டின் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ அதைக் கூப்பிட்டு, ஏதோ ஒரு எளிய ரெசல்யூஷனில் படம் வரையச் சொல்கிறது. நீங்கள் போட்ட டிரைவருக்கும் இந்த லோகோவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. லோகோவே வரவில்லை என்றால் அது வேறு கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபர்ம்வேர் வரைந்துகொண்டிருந்த திரையை இயங்குதளத்தின் டிரைவர் ஒரு கட்டத்தில் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுநர் இருக்கையில் ஆள் மாறுவது போன்ற வேலை இது. பழைய ஆள் எழுந்துவிட்டார், புதியவர் வந்து உட்காரவில்லை என்றால் என்ன ஆகும்? அந்த இடைவெளிதான் நாம் பார்க்கும் கருப்பு. லினக்ஸில் இதற்குக் கர்னல் மோட் செட்டிங் என்று பெயர், கர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு. 2009இல் வந்த 2.6.29 கர்னலில் இன்டெல் சிப்புகளுக்காக இது முதலில் நுழைந்தது. அதற்கு முன்பு திரையின் ரெசல்யூஷனை அமைக்கும் வேலையை ஜன்னல்களையும் படங்களையும் வரையும் எக்ஸ் சர்வர் என்ற புரோகிராம் தானே பார்த்துக்கொண்டிருந்தது. கர்னலே பார்த்துக்கொள்வதால் பூட் ஆகும்போது திரை மினுக்குவது குறைந்தது, உறக்கத்திலிருந்து எழுப்பும்போது படம் ஒழுங்காக வந்தது. ஆனால் டிரைவர் தவறினால் திரை முன்பைவிடச் சீக்கிரமே இருண்டுவிடும்.

சரி, நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் கடைசியில் என் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. எம்.இ. படித்துக்கொண்டிருந்தாள், எக்ஸ்ரே படங்களில் நோயைக் கண்டறியும் புரோகிராம் ஒன்று அவளுடைய புராஜெக்ட். அதற்காகவே ஒரு பிசி அசெம்பிள் செய்து, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு, உபுண்டு 20.04 லினக்ஸ் வைத்திருந்தாள்.

"மாமா, சிஸ்டம் போச்சு. காலையில அப்டேட் ஆச்சு, ரீஸ்டார்ட் பண்ணேன், ஒண்ணுமே வரல. கடைக்காரர் ஓஎஸ் மறுபடி போடணும்கிறார்."

"கடைக்கு இப்போ போக வேண்டாம்மா. ஆன் பண்ணதும் லோகோ வருதா?"

"வருது. அப்புறம் எழுத்தா ஓடுது. அப்புறம் கருப்பு. மேல ஓரத்துல சின்னக் கோடு ஒண்ணு மட்டும் மினுக்குது."

அந்தச் சின்னக் கோட்டைப் பற்றி அவள் சொன்னதும் எனக்கு நிம்மதி வந்துவிட்டது. திரையில் எழுத்து எழுதக்கூடிய நிலையில் கர்னல் இருக்கிறது, அதற்கு மேலே வரவேண்டிய வரைகலைத் திரைதான் எழவில்லை. கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரிந்து அணைந்தது. இது சிறிய சோதனை, ஆனால் நம்பலாம். கர்னல் முழுதாக உறைந்துபோயிருந்தால் அந்த விளக்கு மாறாது. அடுத்து கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். கருப்புப் பின்னணியில் லாகின் கேட்டு ஒரு வரி வந்தது.

"வந்துடுச்சு மாமா!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் டிரைவரைத் தொடவில்லை. முதலில் புராஜெக்ட் ஃபோல்டரைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்ய வைத்தேன். யார் கேட்டாலும் இந்த வரிசையைத்தான் சொல்வேன். கோப்பு கையில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனிதருக்கு வரும் நிதானம் வேறு. அதற்கு முன்பு எடுக்கும் முடிவுகளில் பதற்றம்தான் இருக்கும்.

அப்புறம் லாக், அதாவது நடந்ததைக் கணினி எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்தோம். ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு மைனஸ் பி (-b) சேர்த்தால் இந்த பூட்டில் நடந்ததை மட்டும் காட்டும். அதில் எக்ஸ் சர்வர் எழுதும் வரிகளில், அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆங்கில ஈ (EE) எழுத்து போட்டிருந்தால் அது பிழை. அவள் படித்துக் காட்டியவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கார்டின் கர்னல் மாட்யூலை (கர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதியை) ஏற்ற முடியவில்லை என்றது. மற்றது, பலரையும் பயமுறுத்திய பழைய வரி: 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்'. மானிட்டர் கெட்டுவிட்டது என்று இதைப் படித்துக்கொள்பவர்கள் உண்டு. மானிட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. தான் வரையக்கூடிய திரை எதையும் எந்த டிரைவரும் தரவில்லை என்றுதான் எக்ஸ் சர்வர் சொல்கிறது.

கர்னல் பதிப்பைக் கேட்டேன். 5.11 என்றாள். போன வாரம் வரை 5.8தான் ஓடியிருக்கிறது. அங்கேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து ரன் (.run) என்று முடியும் நிறுவல் கோப்பை இறக்கி, ஒரு வீடியோவைப் பார்த்து அவள் டிரைவர் போட்டிருந்தாள். அப்படிப் போடும்போது, அன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கு ஏற்றபடி மாட்யூல் கம்பைல் ஆகும். கர்னல் மாறினால் அந்த மாட்யூல் புதிய கர்னலில் ஏறாது. இதற்காகத்தான் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது, கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை அதுவே திரும்பக் கட்டிக்கொள்ளும். நிறுவும்போது டிகேஎம்எஸ்ஸில் பதிவு செய்யட்டுமா என்று ஒரு கேள்வி வரும். வீடியோவில் வேண்டாம் என்று அழுத்தியதால் இவளும் அப்படியே அழுத்தியிருக்கிறாள். எக்ஸ் அமைப்புக் கோப்பை எழுதட்டுமா என்ற இன்னொரு கேள்விக்கு ஆமாம் என்று பதில். அந்தக் கோப்பு, இந்த டிரைவரை மட்டுமே பயன்படுத்து என்று எக்ஸ் சர்வரைக் கட்டிப்போட்டது. என்விடியா கார்டுகளுக்காகக் கர்னலோடு வரும் நூவோ டிரைவரையும் அந்த நிறுவல் புரோகிராம் தடைப்பட்டியலில் சேர்த்திருந்தது. ஆக, புது டிரைவர் ஏற முடியாது, பழையது ஏறக் கூடாது. படம் எங்கிருந்து வரும்?

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ரீஸ்டார்ட் செய்து, கிரப் பட்டியலில் (எதை ஏற்றுவது என்று பூட்டின் தொடக்கத்தில் கேட்பது) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், 5.8 கர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். உபுண்டு பழைய கர்னலை உடனே அழித்துவிடாது, பக்கத்திலேயே வைத்திருக்கும். (பட்டியல் தானாக வராவிட்டால் யூஇஎஃப்ஐ இயந்திரங்களில் எஸ்கேப், பழைய பயாஸ் இயந்திரங்களில் ஷிஃப்ட்.) லாகின் திரை வழக்கம்போல, முழு ரெசல்யூஷனில் வந்து நின்றது. எதையும் சரிசெய்வதற்கு முன்பே காரணம் இதுதான் என்று உறுதியாகிவிட்டது. சந்தேகத்தின்பேரில் நான்கு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றுவதைவிட, ஒன்றை மட்டும் மாற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பது எவ்வளவு நல்லது என்பதை அவளும் அன்றைக்குப் பார்த்தாள்.

பிறகு செய்தது எளிது. அதே ரன் கோப்பை நீக்கும் விருப்பத்துடன் ஓட்டி டிரைவரை எடுத்தோம், எக்ஸ் அமைப்புக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கினோம், உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே டிரைவரைப் போட்டோம். அடிஷனல் டிரைவர்ஸ் என்ற ஜன்னலில் பரிந்துரைக்கப்பட்டது என்று குறிப்பு இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கர்னல் மாறும்போது அதற்கேற்ற மாட்யூலும் கூடவே வந்துவிடும். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக ஒருபோதும் வாக்களித்ததில்லை, வெளியே எழுதப்படும் மாட்யூல்கள்தான் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஓட வேண்டும். களஞ்சியத்தைப் பராமரிப்பவர்கள் அந்த ஓட்டத்தை நமக்காக ஓடுகிறார்கள். அந்த உழைப்பை விட்டுவிட்டுத் தனியாக இறக்கிப் போடுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும் என்பது என் கட்சி.

தெரியாத ஸ்கிரிப்டை ரூட் அனுமதியோடு, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு ஓட்டுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2011இல் ஒரு சாட்சி உண்டு. மடிக்கணினிகளில் இரட்டை கிராபிக்ஸைக் கையாள உதவிய பம்பிள்பீ என்ற திட்டத்தின் நிறுவும் ஸ்கிரிப்டில், நீக்கவேண்டிய ஒரு பாதையின் நடுவே தவறுதலாக ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டது. அதை ஓட்டியவர்களின் யுஎஸ்ஆர் அடைவு, அதாவது லினக்ஸின் புரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டர் முழுதும் அழிந்தது. ஒரே ஒரு வெற்றிடம்தான்.

லினக்ஸில் அடிக்கடி வரும் இன்னொரு காரணம் செக்யூர் பூட், அதாவது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு. கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்றாது. டிகேஎம்எஸ் வழியாகக் கட்டும்போது உபுண்டு கையொப்பத்துக்கு ஒரு சாவியை உருவாக்கி, அதைப் பதிவு செய்ய உங்களிடம் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று வரும், அதில் சாவியைப் பதிவு செய்யும் என்ரோல் மோக் (Enroll MOK) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரை சில நொடிகள்தான் நிற்கும். டீ போடப் போய்விட்டு வந்தால் அது தானாகவே தாண்டிப் போயிருக்கும், சாவி பதிவாகியிருக்காது, டிரைவர் ஏறாது. கையால் ஏற்றிப் பார்த்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்று பிழை வரும். அப்படி வந்தால் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை, சாவியைப் பதிவு செய்யுங்கள்.

கார்டின் வயதும் முக்கியம். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 600, 700 வரிசைகளில் வந்த கெப்லர் சிப்புகளுக்கு 470தான் கடைசி டிரைவர் வரிசை, அதற்கும் முந்தைய ஃபெர்மிக்கு 390. புதியதுதான் நல்லது என்று அதற்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால் கார்டையே அடையாளம் காணாது. மறுபக்கம், 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது. அது 2018இல் வந்த டூரிங் தலைமுறை கார்டுகள் முதல்தான் வேலை செய்யும். ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகளுக்கோ லினக்ஸில் இந்தத் திறந்த மாட்யூல் கட்டாயம். பட்டியலில் ஒரே எண்ணில் ஓப்பன் என்று ஒன்றும் இல்லாமல் ஒன்றும் இருப்பதைப் பார்த்து ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு இருளில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது கூடிக்கொண்டிருக்கிறார்கள். கார்டு மாடலை உறுதிப்படுத்திக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3க்கும் எதுவும் வரவில்லை என்றால், கிரப் பட்டியலில் நின்று ஈ (E) அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10. கர்னலின் டிரைவர்கள் திரையைக் கைப்பற்றாமல், ஃபர்ம்வேர் போட்ட எளிய திரையிலேயே எல்லாம் ஓடும். படம் பெரிதாக, மங்கலாக இருக்கும், பரவாயில்லை. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

விண்டோஸுக்கு வருவோம். படம் போனதும் முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுதொடக்கம் ஆகும், பீப் சத்தம் கேட்டால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அடுத்து விண்டோஸ், பி (P): இல்லாத ஒரு இரண்டாவது மானிட்டரை டிரைவர் கற்பனை செய்துகொண்டு படத்தை அங்கே அனுப்பியிருக்கலாம். இதெல்லாம் பலிக்காவிட்டால் சேஃப் மோட். விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானாக வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் உங்கள் கார்டின் டிரைவர் ஏறாது, மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவர்தான் ஓடும், அதனால் படம் வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ரோல் பேக் அழுத்துங்கள். அது மங்கிக் கிடந்தால், டிரைவர் கோப்புகளையும் நீக்கு என்ற கட்டத்தை டிக் செய்து அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது, இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடக்கூடும்.

சேஃப் மோடுக்குப் போகும் வழியில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை விண்டோஸ் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். இந்த வார்த்தையை வாழ்நாளில் கேட்டிராதவர்கள் இங்கேதான் மனம் உடைந்து ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

ஒரு டிரைவர் ஏன் மொத்த இயந்திரத்தையும் கட்டிப்போட முடிகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். 1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0, வேகத்துக்காகக் கிராபிக்ஸ் வேலைகளைக் கர்னலுக்குள் கொண்டுபோனது. உள்ளே தவறினால் மொத்தமும் தவறும். விண்டோஸ் விஸ்டாவில் புதிய டிரைவர் மாதிரி வந்தபோது பெரும்பகுதியை மறுபடி வெளியே எடுத்தார்கள், இரண்டு நொடிக்கு மேல் பதில் வராத கார்டைக் கண்டறிந்து மீட்டெழுப்பும் ஏற்பாடும் வந்தது. திரை ஒரு கணம் கருத்து, டிரைவர் மீண்டுவிட்டது என்று செய்தி வருமே, அது இதுதான். ஆனால் புதிய மாதிரிக்கு எல்லோரும் டிரைவரைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்து விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று, ஒரு வழக்கில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் ஆவணங்கள் காட்டின. இது பழைய கதையும் அல்ல. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 கார்டுகள் வந்தபோது கருப்புத் திரைப் புகார்கள் குவிந்தன, அடுத்தடுத்த பல டிரைவர் வெளியீடுகளில் அதற்குத் திருத்தங்கள் வந்தன. அப்படியான காலத்தில் நிலையாக ஓடும் முந்தைய பதிப்பிலேயே இருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

டிரைவர்மேல் பழி போடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். புதுக் கார்டு போட்டிருந்தால் கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா, அல்லது பழையபடி மதர்போர்டிலேயே இருக்கிறதா? மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று காட்டுகிறதா? காட்டினால் டிரைவர் ஏறிவிட்டது, மானிட்டரால் தாங்க முடியாத ரெசல்யூஷனையோ ரெஃப்ரெஷ் ரேட்டையோ அனுப்புகிறது, அவ்வளவுதான்.

லோகோவே வரவில்லை, அல்லது லோகோ வரும்போதே திரை முழுக்கக் கோடுகளும் கட்டங்களும் சிதறுகின்றன என்றால், அது டிரைவர் இல்லை. வேறு கேபிள், வேறு மானிட்டர் வைத்துப் பாருங்கள், கார்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகுங்கள், அதற்கான மின்கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது டிஸ்க்கைத் தொடக் கூடாது, ஃபார்மேட் கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ள மறுத்தால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். லோகோ வருகிறதா என்று பார்க்கக் கடைக்காரருக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை.